முதலிடத்தில் ஐ.ஆர்.ஜே.

மூடிக் கிடந்த வீடியோ கேம் கடையை, 'மரபு விளையாட்டரங்கம்' என்று பெயர் சூட்டி, குத்துவிளக்கேற்றி மறுபடி திறந்தார்கள். இருதயராஜ் மனைவி ஜெபக்கனியோடு போனார். விமானச் சண்டை மெஷினின் திரையில், முதலிடத்துக்கு நேரே ஐ.ஆர்.ஜே. என்று அவருடைய பெயரின் எழுத்துகள் மின்னின. "நெஜமாவே நீங்கதானா? இருபது வருஷமா சும்மா அளக்குறீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்று ஜெபக்கனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரிஜினல் மெஷின் சார், ஒரு ஸ்க்ரூகூட மாத்தல" என்றார் பட்டு ஜிப்பா அணிந்த முதலாளி. இருதயராஜுக்கு உறுத்தியது. இந்த மெஷினை அணைத்தால் புள்ளிகளெல்லாம் அழிந்துவிடும். அந்தக் காலத்தில் தினமும் இரண்டு மணிக்குக் கரண்ட் போனதும் சாம்பியன்கள் அத்தனை பேரும் பூஜ்யமாகிவிடுவார்கள். போன வாரம் முன்பதிவின்போது, அந்தக் காலத்தில் எந்த மெஷினில் ஆடினார் என்று விசாரித்து, பெயரையும் எழுத்து எழுத்தாகக் கேட்டு வாங்கியது நினைவுக்கு வந்தது. கேட்டுவிடலாம் என்று முதலாளி பக்கம் திரும்பினார். ஜெபக்கனி இன்னும் கையை விடவில்லை. அதற்குள் அடுத்த மெஷினருகே நின்ற ஒரு வழுக்கைத்தலைக்காரர், "ஏய், ஓடி வா, என் பேரு இருக்கு பாரு!" என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் நம்பாமல் உதட்டைப் பிதுக்கினாள். இருதயராஜ் அவரை முன்பின் பார்த்ததில்லை. "அந்த ஸ்கோரா? அன்னைக்கு நான் பக்கத்துலதானே நின்னேன்!" என்றார் அந்த அம்மாளிடம்.