பூவாளி வளர்த்த கள்ளி

மாடித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் பூவாளிக்கு அடியில் ஒரு ஓட்டை. கடைசித் தொட்டியில் இருந்த குட்டிக் கள்ளிச்செடியிடம் போய்ச் சேரும்போது நாலு சொட்டுதான் மிஞ்சியிருக்கும். அந்தக் கள்ளி ஒருநாள் சிவப்பாக ஒரு பூ பூத்தது.

"என் கையால வளர்ந்த பிள்ளை," என்று பூவாளி ரோஜாச்செடியிடம் மார்தட்டிக்கொண்டது.

பிறகு ஓட்டையை அடைத்தார்கள். பூவாளி நேராகக் கள்ளியிடம் வந்தது. "இத்தனை நாளா உன்னைக் காயப்போட்டுட்டேன். இனிமே தினமும் வயிறு நிறையக் குடி."

"வேண்டாம்ணே, அந்த நாலு சொட்டே போதும்," என்றது கள்ளி.

"அண்ணன்கிட்ட என்ன கூச்சம்?" என்று பூவாளி மொத்தத்தையும் கவிழ்த்தது. தினமும் கவிழ்த்தது.

கொஞ்ச நாளில் கள்ளி வேரோடு அழுகிச் சாய்ந்தது.

பூவாளி ரோஜா பக்கம் திரும்பியது. "பூத்தது என் வளர்ப்பு. அழுகினது அதோட பிறவிக் குணம். நீ குடி."