கேக் வகுப்பில் மீசைகள்

வகுப்புக் கதவைத் தள்ளித் திறந்த நாகேந்திரம் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே எங்கு பார்த்தாலும் மீசை.

நடப்பதோ கேக்கிற்கு ஐசிங் போடப் பழக்கும் வகுப்பு. மருந்துக்கும் ஒரு பெண்பிள்ளை இல்லை. வாட்டசாட்டமான பொடியன்கள் இடுப்பில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். போர்க்காலக் கொழும்பு; வெள்ளவத்தையில், இரும்புக் கடைக்கு மேல்மாடி. ஒரேயொரு மேசை. அதன்மேல் ஒரேயொரு கேக்.

"வாங்க சேர், வாங்க" என்று ஓடிவந்தார் நிலையத்தை நடத்தும் மிஸ் கொன்ஸ்ரன்ஸ். கொட்டாஞ்சேனைக்காரி.

நாகேந்திரம் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பார்வையிடும் அதிகாரி. அவர் அங்கீகாரம் கொடுத்தால்தான் நிலையம் நடக்கும். நிலையம் நடந்தால்தான் மாணவர்களின் அடையாள அட்டை செல்லும். பொய்யான ஒரு வரிக்குக் கீழே கையெழுத்து வைத்துவிடுவேனோ என்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிக்கிற மனிதர்.

இன்றைக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே எரிச்சல். மனைவி கௌரி வாசல்வரை வந்து பிடித்துக்கொண்டாள்.

"உங்கட அக்காட மகனை ஏதாவது ஒரு வகுப்பில சேர்த்துவிடுங்கோ. கொழும்புக்கு என்னத்துக்கு வந்தவன் எண்டு பொலிஸில கேக்கிறாங்கள். என்ன மறுமொழி சொல்லுறது?"

"கண்ட நிண்ட வகுப்பிலயும் சேர்க்கேலாது. ரேடியோ திருத்தப் படிக்கட்டும். தொழில் எண்டா அது!"

சொன்னதோடு நிற்காமல், வரும் வழியில் அவனுக்கென்று ஈயம் பற்றவைக்கிற சோல்டரிங் அயன் ஒன்றும் வாங்கித் தோல்பைக்குள் வைத்துக்கொண்டார்.

முன்னால் நின்ற மீசையைக் கூப்பிட்டார்.

"பேரென்ன?"

"சிவபாலன், சேர். சாவகச்சேரி."

"ஒரு றோசாப்பூ போடும், பாப்பம்."

சிவபாலன் ஐசிங் பையை எடுத்து, மாட்டில் பால் கறப்பதுபோல இரண்டு கையாலும் பிதுக்கினான். கேக்கின் மேல் என்னவோ விழுந்தது.

"இதென்ன?"

"றோசாப்பூ, சேர்."

"கறிக்கு அரியிற கோவா மாதிரியெல்லோ கிடக்கு!"

"போன கிழமை சாணி மாதிரிக் கிடந்தது, சேர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இப்ப முன்னேற்றம்."

"எவ்வளவு காலமாப் படிக்கிறீர்?"

"ரெண்டாம் வருசம், சேர்."

"இது மூண்டு மாத வகுப்பெல்லோ?"

சிவபாலன் ஏப்ரன் நுனியைத் திருகினான்.

நாகேந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், இவங்களில எத்தினை பேருக்கு வேலை கிடைச்சது?"

"ஒருத்தருக்கும் இல்ல, சேர்."

வெட்கமில்லாமல் சொல்கிறாளே!

"வடக்கில இருந்து வாற பிள்ளையளுக்கு ஒரு தொழிலைப் பழக்கிவிட வேணுமெண்டு நாங்கள் மண்டையைப் போட்டு உடைக்கிறம். நீங்கள் இங்க சீனியைக் குழைச்சு விளையாடுறீங்கள்! இதை இண்டைக்கே மூடவேணும்!"

சிவபாலனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அட்டையைத் தொட்டுப் பார்த்தது.

கொன்ஸ்ரன்ஸ் கோபப்படவில்லை. வகுப்பின் பக்கம் திரும்பினார். சோதனைச் சாவடிச் சென்றியில் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரனின் கரகரத்த குரலில், சிங்களத்தில் கத்தினார்:

"கொளம்ப மொனவத கரன்னே?"

கொழும்பில் என்ன செய்கிறாய்?

மீசைகள் அத்தனையும் ஒரே குரலில், "கேக் ஐசிங் இகெனகன்னவா, மாத்தயா!"

கேக் ஐசிங் படிக்கிறேன், ஐயா. றோசாப்பூவில் இல்லாத நேர்த்தி அந்தச் சிங்களத்தில் இருந்தது.

"இதுதான் சேர் பாடம்" என்றார் கொன்ஸ்ரன்ஸ். "முந்தி இங்க ரேடியோ திருத்துற வகுப்புத்தான் நடந்திச்சு. நல்லாப் படிச்சாங்க. குண்டு வெடிச்ச கிழமை, சென்றியில ரெண்டு பிள்ளைங்கட பையைத் திறந்து பார்த்தாங்க. வயர், பற்றரி, சோல்டரிங் அயன். அந்த ரெண்டும் இன்னும் வெளிய வரல்ல."

நாகேந்திரம் தோல்பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார்.

"கேக் எண்டு சொன்னா ஆமிக்காரனுக்குச் சிரிப்பு வருது. மீசையைப் பார்த்தா இன்னும் சிரிக்கிறான். சிரிச்சவனுக்குப் பிறகு பிடிச்சிட்டுப் போக மனம் வராது, சேர். வேலை ஒருத்தருக்கும் கிடைக்கல்லத்தான். ஆனா இந்த வகுப்புத் தொடங்கின பிறகு உள்ளுக்குப் போனதும் ஒருத்தரும் இல்ல."

"என்னட்டை ஒரு ஆமிக்காரன் மகளின்ர பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் தந்திட்டான், சேர்" என்றான் சிவபாலன் பரிதாபமாக. "அதுதான் ரெண்டாம் வருசமும் படிக்கிறன்."

நாகேந்திரம் கதிரையில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கோவாப்பூவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுதினார்: 'மாணவர்கள் பாடத்தைத் திறம்படக் கற்றுள்ளனர்.'

திருப்பி வாசித்தார். ஒரு சொல்லும் பொய்யில்லை. கையெழுத்து வைத்தார்.

எழும்பியவர் போகவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைக்கடியில் மெல்லத் தள்ளினார்.

"இது இங்கயே கிடக்கட்டும், மிஸ். போற வழியில சென்றி இருக்கு."

கொன்ஸ்ரன்ஸ் குனிந்து பொட்டலத்தின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். புத்தம்புது சோல்டரிங் அயன்.

"ஆருக்கு சேர் இது?"

"அக்காட மகனுக்கு. யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவன். வீட்டைவிட்டு வெளிய விடப் பயம்."

"நாளைக்கே அனுப்பிவிடுங்க."

"அனுப்பலாம்..." நாகேந்திரம் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு இன்னும் மீசை முளைக்கேல்லை, மிஸ். சேர்ப்பீங்களோ?"