நிறுத்தச் சொன்ன பிறகும்

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி. வயிற்றிலுள்ள பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் மட்டுமே வேலை செய்தது. அந்தக் கம்ப்யூட்டரும் சாகக் கிடந்தது. புதுக் கருவி கேட்டுக் கேட்டு மிட்வைஃப் நாகலெட்சுமி அலுத்துப்போயிருந்தார்.

கம்ப்யூட்டர் திருத்தும் நுஸ்கி, யூ.எஸ்.பி. வயரில் ஓடியதையெல்லாம் பதிவு செய்து, எந்த எண்வரிசை ‘கேள்’ என்கிறது, எது ‘நிறுத்து’ என்கிறது என்று பிரித்தெடுத்தான். அதே கட்டளைகளைத் தன் லேப்டொப்பிலிருந்து அனுப்ப வழி செய்தான். கண் எரிந்தது.

கிளினிக் முடிந்து தாய்மார்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பிய பின் ‘கேள்’ என்று அனுப்பினான். வயிற்றில் வைத்துக் கேட்கும் கைப்பிடி மேசைமேல் சும்மா கிடந்தது. திரையில் நூற்று நாற்பத்திரண்டு என்று வந்தது.

“மிஸ், பிழையா காட்டுது. சைபர்தானே வரணும்?”

லேப்டொப்பின் சத்தத்தைக் கூட்டினான். நாகலெட்சுமி நாற்காலியில் நிமிர்ந்தார்.

“பிழை இல்ல தம்பி. நல்ல துடிப்பு.”

‘நிறுத்து’ என்று அனுப்பினான். ஏற்றுக்கொண்டதாகக் கருவி பதில் தந்தது. துடிப்பு நிற்கவில்லை. வயரைப் பிடுங்கப் போனான்.

“வேணாம். காலையில கிளினிக்குக்கு வந்த தனுஷிகா வயித்துல இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். கெடைக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சேன்.”

அவர் எழுந்து கைப்பிடியைத் துவாயில் சுற்றி, இரு கைகளாலும் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். வயர் கழன்று விழுந்தது. நுஸ்கி லேப்டொப்பை மூடினான்.

துவாய்க்குள் துடிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.