கயிற்று நெருப்பு

இரண்டு மணி நேரமாகியும் சந்தை டீக்கடையில் வாக்குவாதம் ஓயவில்லை. இனி கடைக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்று வியாபாரிகளில் பாதிப் பேர் சொன்னார்கள்.

"கயித்த அவுத்துட்டா எவம்ல டீ குடிக்க வருவான்?" என்றார் கடைக்காரர் மாசானம். மீதிப் பேர் சிரித்தார்கள்.

பீடி பற்றவைக்கத் தூணில் தொங்கிய அந்தக் கயிற்றின் நுனி கனன்றுகொண்டிருந்தது. விடிந்ததும் அதில் நெருப்பு வைப்பது அவர் மனைவி பேச்சியம்மாள்தான். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

"மைனி, நீங்க என்ன சொல்லுதிய?" என்று ஒருவர் பேச்சியம்மாளைச் சீண்டினார்.

அவள் இருமி முடித்தாள். கயிற்றை இழுத்து, டம்ளர் கழுவும் வாளியில் நுனியை அமிழ்த்தினாள். அது சீறி அணைந்தது.

"எக்ஸ்ரேயப் பாத்துட்டு டாக்டர் என்னையக் கேட்டாரு, ஒரு நாளைக்கு எத்தன பீடி குடிப்பேன்னு."