சமையலறை அருவி

“சொன்னா கேளுங்க. தொழில் தெரிஞ்ச ஆள் யாரையாவது கூப்பிட்டுடலாம்.”

“எதுக்கு? குடிதண்ணிக் குழாய் மாட்டறது என்ன, மலையைப் புரட்டற வேலையா?”

பதில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தது. குடும்பத்தலைவர் இடுப்புவரை அலமாரிக்குள் இருந்தார். மீதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி அந்த மீதியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

குடிதண்ணீர் சன்னமாக வருகிறது என்று காலையில் ஒரு வார்த்தை சொன்னதுதான் அவள் செய்த பிழை. இப்போது தண்ணீர் சன்னமாக வரவில்லை. குழாயைத் தவிர மற்ற எல்லா இடத்திலிருந்தும் வந்தது. ஓர் இணைப்பை இறுக்கினால் அடுத்தது கண்ணீர் விட்டது. அதைச் சமாதானப்படுத்தினால் முதலாவது கோபித்துக்கொண்டு பீய்ச்சியது.

“மெயின் வால்வை மூடினீங்களா?”

“நான் மூடிட்டேன். அதுதான் மூடிக்க மாட்டேங்குது.”

வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர். குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தலை நனைந்திருந்தது.

“தங்கச்சி, எங்க ஹால்ல மழை பெய்யுது. நேத்துதான் சீலிங்குக்குப் பெயிண்ட் அடிச்சு முடிச்சேன். பாதி உப்பிப் போச்சு. மீதியையாவது காப்பாத்திக் குடும்மா.”

அவரே சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு கால்கள் தெரிந்தன.

“சார் சொந்தமாவே பண்றாரா?”

“சொந்தமாவேதான். நானும் காலையிலேருந்து தலைபாடா அடிச்சுக்கறேன்.”

“சார், கோவிச்சுக்காதீங்க,” என்றார் அவர் கால்களிடம். “பல் வலிச்சா நாமளே பிடுங்கிக்கறோமா? டாக்டர்கிட்டதானே போறோம்?”

அருவிச் சத்தத்தில் அலமாரிக்குள் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. “தொணதொணக்காதே. இந்த எல்போ இணைப்புதான் கடைசி,” என்று மட்டும் பதில் வந்தது.

“என்னங்க, லைட்டுக்குள்ள தண்ணி இறங்குது,” என்று கீழிருந்து இன்னொரு மனைவியின் குரல் ஏறி வந்தது.

கீழ்வீட்டுக்காரர் செல்போனை எடுத்தார். “இனி பொறுக்க முடியாதும்மா. கடைத்தெரு முனையில ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு பாத்தேன். குழாய்ச் சக்கரவர்த்தியாம். நம்பரைப் போட்டு வச்சிருக்கேன்.”

மனைவி பதறிப்போனாள். “ஐயோ, அந்த ஆள் வேண்டாம்ண்ணே. வேற யாரையாவது கூப்பிடுங்க.”

“ஏன், வேலை சரியில்லையா?”

“ஊரே அவரைத்தான் கூப்பிடுது. நமக்கு மட்டும் வேண்டாம்.”

அவர் அதற்குள் எண்ணை அழுத்திவிட்டார். மறுமுனையில் ஒரே தண்ணீர்ச் சத்தம். ஆள் ஏதோ பெரிய வேலையில் இருப்பதாக அவருக்கு மரியாதை கூடியது.

“சக்கரவர்த்திங்களா? மேல்வீட்டுல ஒருத்தர் தானே குழாய் மாட்டறேன்னு என் சீலிங்கைக் கரைச்சுக்கிட்டிருக்கார். உடனே வந்தாத்தான் உண்டு.”

“கவலையே படாதீங்க சார்,” என்றது ஒரு கம்பீரமான குரல். “தொழில் தெரியாதவன் கையில ஸ்பானர் போனா இதுதான் கதி. நான் வர்ற வரைக்கும் அந்த அரைகுறையை எதையும் தொட வேண்டாம்னு சொல்லி வைங்க.”

அதைக் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார்: ஒரு தடவை செல்போனில், இன்னொரு தடவை தொட்டிக்கு அடியிலிருந்து.