பன்னிரண்டு மணிக்குள் திறக்க வேண்டிய கதவு

“பொண்ணு உள்ள உக்காந்துனு இருக்கறப்ப எவனாவது காரைப் பூட்டுவானா?”

“கை பழக்கத்துல அமுக்கிட்டேன். அதுக்கு இன்னா இப்ப, திறந்துட்டா ஆச்சு…”

“கை பழக்கமா? சம்பந்தி காதுல ‘கீக் கீக்’னு உழணும்னு அமுக்குனீங்க. எனக்குத் தெரியாதா?”

“ஏய், கத்தாத. தெருவே பாக்குது.”

“நானா கத்தறேன்? உங்க காருதான் கத்துது.”

கார் கத்திக்கொண்டுதான் இருந்தது. முதலில் ஆம்புலன்ஸ் போல, பிறகு போலீஸ் வண்டி போல, அப்புறம் தொண்டை கட்டிய சேவல் போல. வேங்கிக்காலில் புதிதாக வீடுகள் எழும்பியிருந்த சம்பந்தி வீட்டுத் தெருவில், மொட்டை மாடிகளில் தலைகள் முளைத்தன.

தசரதன் ரிமோட்டை அமுக்கினார்.

சத்தம் நின்றது. கதவுப் பூட்டுகள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. டக்.

அவர் கைப்பிடியைத் தொடுவதற்குள் மறுபடியும் டக். எல்லாம் கீழே இறங்கிவிட்டன.

“பாத்தியா? தானா பூட்டிக்குது, சனியன்!” கண்ணாடியை ஓங்கித் தட்டினார். கார் மறுபடியும் ஆம்புலன்ஸிலிருந்து ஆரம்பித்தது.

“தட்டாதீங்கன்னா கேக்கறீங்களா? கீழ்பென்னாத்தூர்லயே நம்ம காருக்குத்தான் ரிமோட்டுனு சொல்லிக்கினு திரிஞ்சீங்களே. இப்ப சொல்லுங்க.”

ஆதிலட்சுமிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. உள்ளே, முன் சீட்டில், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அவளுடைய ஒரே மகள் பொன்னி.

வைகாசியில் கல்யாணம். புதுப்பெண் ஆடி மாதத்தில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்று அழைத்துப் போனவளை, ஆவணி பிறந்ததும் முதல் புதன்கிழமை கொண்டுவந்து விடுகிறார்கள். கிளம்பும்போது பொன்னி அழுதாள். எந்தப் பெண்தான் அழவில்லை என்று ஆதிலட்சுமி அவள் கண்ணைத் துடைத்து, மையைச் சரிசெய்து, காரில் ஏற்றினாள்.

இவர்கள் இருவரும் முதலில் இறங்கி, பழத்தட்டோடு உள்ளே போய்ச் சொல்லிவிட்டுப் பெண்ணைக் கூப்பிட வந்தார்கள். அதற்குள் இந்தக் கூத்து.

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் அவள் வாசற்படி தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் வேறு நாள் பார்க்க வேண்டியதுதான்.

தசரதன் சாவியைத் துளையில் விட்டுத் திருப்பிப் பார்த்தார். எழும்பின. இறங்கின.

“பொன்னி! உள்ளேர்ந்து அந்தப் பூட்டை மேல தூக்கும்மா!”

கண்ணாடிக்குள் பொன்னி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“அவளுக்கும் வரலியாம். ரிமோட்டு மாட்டுன கடைக்காரன் அப்பவே சொன்னான், அலாரம் போட்டுட்டா உள்ளேர்ந்து யாரும் திறக்க முடியாதுனு. திருடனுக்காக வச்சது.”

“திருடன் உள்ளயா உக்காந்துனு இருப்பான்? வெளியதான நிப்பான்?”

“உனக்கு மெசினைப் பத்தி இன்னா தெரியும்?”

“உங்களுக்குத் தெரிஞ்ச லட்சணத்தைத்தான் தெருவே பாக்குதே. புழுக்கத்துல புள்ள மயக்கம் போட்டுடப் போவுது, ஏதாவது பண்ணுங்க.”

வாசலில் சம்பந்தியம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் கற்பூரம் ஏற்றியது அணைந்து, இன்னொன்று வைத்தாயிற்று.

“மணி ஆவுது சம்பந்தி. அப்புறம் ராவு காலத்துல மருமக காலெடுத்து வச்சானு ஊரு பேசும்.”

“இதோ ஆச்சுங்க, ஆச்சுங்க,” என்றார் தசரதன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மறுபடி அமுக்கினார். சத்தம் நின்றது. டக். டக்.

மாப்பிள்ளை பாலாஜி சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை, பளிச்சென்று திருநீறு.

“இதுக்குப் போயி இவ்ளோ ரகளையா மாமா? ஒருத்தரே ரெண்டு வேலையும் பண்ணா அது எப்படித் திறக்கும்? நீங்க கைப்பிடிய இழுத்துப் புடிச்சுக்கினே இருங்க. ரிமோட்ட அத்தைகிட்ட குடுங்க. அத்தை அமுக்கட்டும். பூட்டு எழும்புற அந்த நொடியே கதவு வந்துடும்.”

“பாத்தியா, மாப்ளைக்கு மூளை! இந்தா, புடி.”

ரிமோட் ஆதிலட்சுமியின் கைக்கு வந்தது. தசரதன் இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக் காலை ஊன்றினார். இந்தத் தடவை திறந்துவிடும். சந்தேகமே இல்லை.

“இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது. அமுக்குங்க அத்தை,” என்றான் பாலாஜி. சொல்லிக்கொண்டே காரின் கூரையில் கையை வைத்தான்.

உள்ளே பொன்னியின் தோள் சட்டென்று ஒடுங்கியது.

ஆதிலட்சுமி குனிந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

பூட்டின் தலைமேல் மகளுடைய கட்டைவிரல் இருந்தது. நகம் வெளுத்துப் போகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தாள். மை கன்னத்தில் வழிந்திருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அமுக்கு ஆதி! கை வலிக்குது!”

“அமுக்குங்க அத்தை. இல்ல, என்கிட்ட குடுங்க.”

நீட்டிய கையை ஆதிலட்சுமி பார்த்தாள். ரிமோட்டை முந்தானையில் வைத்து முடிந்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ரிமோட்டு நல்லாத்தாங்க இருக்குது.”