இருக்கை எண் பதினேழு

மாநாட்டின் பயிற்சிக்கூடத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். இணையம் வழியே கிளவுடில் அவரவர் இருக்கை எண்ணில் ஆளுக்கொரு சர்வரை உருவாக்கி, ஓட்டிப் பார்த்து, கடைசியில் அழிக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் உதாரணத்துக்கு, ‘பதினேழை அழி’ என்று ஒரு கட்டளை. பதினேழுக்குப் பதிலாக உங்கள் இருக்கை எண்ணை இடவும் என்று அதன் கீழேயே அச்சிட்டிருந்தார்கள். கழுத்தில் ‘தலைமை வல்லுநர்’ என்று அட்டை மாட்டிய மேதைகள் அந்த ஒரு வரியைப் படிப்பார்களா? கண்ணில் பட்டதை அப்படியே அடித்தார்கள்.

பதினேழாம் இருக்கையில் நான். என் சர்வரை நான் எழுப்ப எழுப்ப, யாராவது ஒருவர் கொன்றுகொண்டே இருந்தார். கொன்றவர் திரையில் ‘வெற்றி’ என்று வந்தது. உடனே எழுந்துபோய் இலவச டி-ஷர்ட் வாங்கிக்கொண்டார்.

“எல்லாரும் முடிச்சுட்டாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் மேடம் வரல?” என்றார் பயிற்சியாளர். “புக்ல என்ன போட்டிருக்கோ அதை அப்படியே அடிங்க, போதும்.”

“சரி சார்,” என்றேன்.

பதினேழை மட்டும் விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து அறுபதுவரை வரிசையாக அழித்தேன். அதுவரை ஓடிக்கொண்டிருந்த தங்கள் சர்வர்கள் முதுகுக்குப் பின்னால் திரைகளில் ஒவ்வொன்றாக மறைந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டி-ஷர்ட்டை மார்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.